பழைய டிராக்டரின் முகப்பு மீட்டர்களைக் கவனியுங்கள்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட விவசாயிகளுக்கான உரை)



பயிரியல் சொல்லித்தரும் ஆசிரியர் எஞ்சினைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. நம் பகுதியின் கரிசல் மண், ஈரம் மிகுந்தால் கலப்பையில் அப்பிக்கொள்ளும்; காய்ந்தால் கல்லாகிவிடும். இரண்டுக்கும் நடுவே பதமாக இருப்பது சில நாட்கள்தான். மானாவாரி மக்காச்சோளமானாலும் பருத்தியானாலும், அந்தச் சில நாட்களுக்குள் உழுது விதைத்தவருக்கே பயிர் சீராக முளைக்கிறது. அந்த நேரம் பார்த்து டிராக்டர் பட்டறையில் நின்றுவிட்டால், நல்ல விதையும் உரமும் வாங்கி வைத்திருந்தும் பயனில்லை.

கரும்பு விவசாயிகளுக்கும் இதே நிலைதான். வெட்டிய கரும்பு ஒவ்வொரு நாளும் எடை குறைகிறது. சர்க்கரைச் சத்தும் குறைகிறது. வெட்டு உத்தரவு வந்து, ஆள் விட்டு வெட்டி, டிரெய்லரில் ஏற்றி ஆலைக்குப் புறப்பட்ட வண்டி பாதி வழியில் ஆவி கக்கிக்கொண்டு நின்றால், அந்த நட்டத்தை யாரிடம் போய்க் கேட்பது? சின்ன வெங்காயத்தை மழைக்கு முன் பட்டறைக்குக் கொண்டு சேர்ப்பவருக்கும் அறுத்த நெல்லைக் களத்திலிருந்து ஏற்றுபவருக்கும் இது பொருந்தும்.

நம் ஊர்களில் ஓடும் டிராக்டர்களில் பல, இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்தவை. பழைய வண்டி என்பதாலேயே அது கெட்ட வண்டி ஆகிவிடாது. ஒழுங்காகக் கவனித்தால் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும். ஆனால் இவற்றில் பலவற்றின் முகப்பைப் பார்த்தால், மீட்டரின் கண்ணாடி உடைந்திருக்கும், முள் அசையாது, கம்பி அறுந்து தொங்கும். “சத்தத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன், மீட்டர் எதற்கு?” என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கேட்பதுண்டு. காதுக்குச் சத்தம் கேட்கும்போது கெடுதல் நடந்து முடிந்திருக்கும். மீட்டரின் முள்ளோ அதற்குப் பல நிமிடங்கள் முன்பே எச்சரிக்கிறது. அந்தப் பல நிமிடங்களில்தான் எஞ்சின் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது.

நான்கு மீட்டர்கள்

பழைய டிராக்டரின் முகப்பில் பொதுவாக நான்கு மீட்டர்கள் இருக்கும்.

1. வெப்ப மீட்டர்: எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரின் சூட்டைக் காட்டுகிறது. எஞ்சின் வேலை செய்ய ஏற்ற சூடு, பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை. எண்கள் இல்லாத மீட்டரில் இது பச்சைப் பகுதி. அதற்குக் கீழே குளிர்ந்த நிலை. மேலே சிவப்பு, ஆபத்து.

2. ஆயில் பிரஷர் மீட்டர்: தேய்மானப் பகுதிகளுக்கு எண்ணெய் அழுத்தத்துடன் போய்ச் சேருகிறதா என்று காட்டுகிறது. சூடேறிய எஞ்சின் வேலை வேகத்தில் ஓடும்போது பல வண்டிகளில் சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 4 கிலோ வரை இருக்கும். மெதுவாக ஓடும்போது குறைந்து காட்டுவது இயல்பு. உங்கள் வண்டிக்குரிய சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

3. அம்மீட்டர்: பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா, பேட்டரியிலிருந்து இறங்குகிறதா என்று காட்டுகிறது.

4. மணி மீட்டர்: எஞ்சின் எத்தனை மணி நேரம் உழைத்தது என்று கணக்கு வைக்கிறது. எண்ணெய், வடிகட்டி ஆகியவற்றை மாற்றும் நாளை இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நாள்காட்டியை வைத்து அல்ல. டிராக்டர் ஒரு மாதம் சும்மா நிற்கும். அடுத்த மாதம் இரவும் பகலும் ஓடும்.

வெப்ப மீட்டர் வேலை செய்யும் விதம்

நாம் ஊற்றும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இழுவை வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும் பகுதியை ரேடியேட்டர் நீர் சுமந்து சென்று காற்றில் விட வேண்டும். அந்த வேலை தடைப்பட்டால், இரும்பின் சூடு சில நிமிடங்களில் ஏறிவிடும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு உரசும்; ஹெட் வளையும்; ஹெட் கேஸ்கட் போகும். கடைசியில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

பழைய வண்டிகள் பலவற்றில் உள்ள வெப்ப மீட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. எஞ்சின் ஹெட்டில் ஒரு சிறு குமிழ் நீரில் மூழ்கியிருக்கும். அதனுள் எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் இருக்கிறது. நீர் சூடாகும்போது திரவம் ஆவியாகி, மெல்லிய செப்புக் குழாய் வழியே மீட்டர் வரை அழுத்துகிறது. மீட்டருக்குள் வளைந்த தட்டைக் குழாய் ஒன்று உண்டு. திருவிழாக் கடையில் குழந்தைகள் வாங்கும் சுருள் ஊதல், ஊதினால் நிமிர்கிறதல்லவா? அதுபோல அந்தக் குழாய் சற்றே நிமிர்ந்து முள்ளை நகர்த்துகிறது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த யூஜின் போர்டன் 1849ஆம் ஆண்டில் உருவாக்கிய இந்த அமைப்பு இன்றும் உலகெங்கும் அழுத்த மீட்டர்களில் பயன்படுகிறது.

இதனால் தெரிவது என்ன? அந்த மெல்லிய செப்புக் குழாய்தான் இந்த மீட்டரின் உயிர். அது நசுங்கினாலோ வெடித்தாலோ மீட்டர் செத்துவிடும். பட்டறையில் ஹெட் கழற்றும்போது குழாயை மடக்கி ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் சரியா என்று அறிய எளிய சோதனை உண்டு. எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது குமிழைக் கழற்றி, கொதிக்கும் நீரில் வையுங்கள். எண்கள் உள்ள மீட்டரானால் முள் 100 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். அசையாவிட்டால் மீட்டரை மாற்றிவிடுங்கள். புதிய மீட்டரின் விலை, எஞ்சின் பிரித்து வேலை பார்க்கும் செலவில் மிகச் சிறு பங்குதான்.

முள் ஏமாற்றும் நேரம்

ஒன்றை மட்டும் எல்லாரும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். வெப்ப மீட்டர் காட்டுவது நீரின் சூட்டையே. இரும்பின் சூட்டை அன்று. ஹோஸ் வெடித்து நீர் முழுவதும் கொட்டிவிட்டால், குமிழைத் தொட நீரே இருக்காது. அப்போது முள் ஏறுவதற்குப் பதிலாக இறங்கக்கூடும். “சூடு தணிந்துவிட்டது” என்று ஓட்டுநர் நிம்மதியாக வண்டியை விரட்டுவார். எஞ்சினோ உள்ளே பழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே, சுமை இழுக்கும்போது முள் திடீரென்று கீழே விழுந்தால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடனே நிறுத்திப் பாருங்கள்.

மீட்டர்களைச் சேர்த்துப் படியுங்கள்

நாடி பார்ப்பவர் நாக்கையும் கண்ணையும் சேர்த்துப் பார்த்த பிறகே நோயைச் சொல்வார். அதுபோல ஒரு மீட்டரை மட்டும் பார்க்காமல், சேர்த்துப் பார்த்தால் கோளாறு இருக்கும் இடமே தெரிந்துவிடும்.

வெப்ப முள் ஏறுகிறது, அம்மீட்டர் இறக்கத்தைக் காட்டுகிறது என்றால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கலாம் அல்லது வழுக்கலாம். பல வண்டிகளில் விசிறி, வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது.

வெப்ப முள் மெல்ல ஏற, ஆயில் முள் மெல்ல இறங்கினால், சூட்டில் எண்ணெய் நீர்த்துப் போகிறது என்று பொருள். சுமை அதிகம், அல்லது எண்ணெய் பழையது.

வெப்ப முள் நாள் முழுவதும் குளிர்ந்த பகுதியிலேயே நின்றால், மீட்டர் செத்திருக்கலாம் அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

ஆயில் முள் திடீரென்று பூச்சியத்துக்குப் போனால், முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், பிறகு யோசியுங்கள். மீட்டருக்குப் போகும் குழாய் மட்டும் உடைந்திருக்கலாம். ஆனால் அதை ஓடிக்கொண்டே சோதிக்கக் கூடாது.

இங்கே தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. “சூடாகிறது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி” என்பது பட்டறைகளில் சொல்லும் கை வைத்தியம். இது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையில் சூடேற நெடுநேரம் பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுதும் எரியாமல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியாகவே திரும்பிவிடுவதால், சூடு குறையாமல் கூடவும் செய்யும். சந்தேகமிருந்தால் அதைச் சட்டியில் நீரோடு சூடாக்கிப் பாருங்கள். கொதிநிலைக்கு முன்பே திறந்து, ஆறும்போது மூட வேண்டும். இல்லாவிட்டால் புதியது போடுங்கள்.

நம் மண்ணின் சுண்ணாம்பு நீர்

பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் கடல் இருந்தது. சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தையும் வாரணவாசி அருங்காட்சியகத்தில் உள்ள கடல் உயிர்ப் படிவங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. ஊருக்கு வேலை கொடுத்த அதே சுண்ணாம்பு, கிணற்று நீரில் கரைந்து நம் ரேடியேட்டருக்குள்ளும் போகிறது.

வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் காண்கிறீர்கள். அதே படிவு எஞ்சினின் நீர்ப் பாதையிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. இரும்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே இந்தப் படிவுக்கு உண்டு. எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போல் ஆகிவிடுகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள கிணற்று நீர் என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் தினமும் 2 லிட்டர் நீர் ஆவியாகிப் போகிறது. அதை ஈடுகட்ட 2 லிட்டர் ஊற்றுகிறீர்கள். 150 வேலை நாட்களில் 300 லிட்டர். நீர் ஆவியாகிவிடும், அதில் இருந்த 150 கிராம் உப்பு உள்ளேயே தங்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்கு இது சிறிய அளவன்று.

தீர்வு நம் கூரையிலேயே இருக்கிறது. முதல் மழையைக் கழிய விட்டு, அடுத்த மழை நீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, துணியில் வடிகட்டி, மூடிய கேனில் சேமியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு கேன் பிடித்து வைத்தால் ரேடியேட்டருக்குப் பல மாதம் வரும். தனி மழை நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், துருத் தடுப்பு மருந்துள்ள கூலண்டைக் கையேட்டில் கூறிய அளவில் கலந்துகொள்ளவும். உள்ளே ஏற்கெனவே படிவு இருந்தால் நல்ல மெக்கானிக்கைக் கொண்டு அதற்குரிய மருந்தால் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்ற வேண்டாம். அது ஈயப் பற்றையும் அலுமினியப் பாகங்களையும் அரித்துவிடும்.

வெளிப்புறத்தையும் கவனிக்க வேண்டும். மக்காச்சோளம் அடிக்கும்போது பறக்கும் தூசும் பருத்திப் பஞ்சும் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைப் புழுதியும் ரேடியேட்டரின் முன் பக்கத்தை அடைத்துவிடும். பொதுவாக விசிறி முன்னிருந்து காற்றை இழுக்கிறது. எனவே எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றையோ நீரையோ அடித்துச் சுத்தம் செய்யுங்கள். முன்னிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் இல்லாத, காற்றால் குளிரும் எஞ்சினானால் சிலிண்டரைச் சுற்றியுள்ள மடிப்புகளை இதேபோல் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

சுமையும் கியரும்

டிரெய்லரில் இன்னும் பத்துக் கட்டுக் கரும்பு ஏற்றினால் ஒரு நடை மிச்சம் என்று தோன்றும். அந்த மிச்சத்தை எஞ்சின்தான் கொடுக்கிறது. சுமை அளவோடு இருக்கட்டும்.

மேட்டில் ஏறும்போது உயர் கியரிலேயே எஞ்சினைத் திணற விடுவது மிகத் தவறு. விசிறியும் வாட்டர் பம்ப்பும் எஞ்சின் வேகத்தில்தான் சுற்றுகின்றன. எஞ்சின் திணறி மெதுவாகும்போது காற்றும் நீரோட்டமும் குறைகின்றன; எரியும் டீசலோ குறைவதில்லை. சூடு ஏறாமல் என்ன செய்யும்? மேடு தொடங்குமுன் ஒரு கியர் குறையுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். சுமையேற்றிய டிரெய்லர் பின்னிருந்து தள்ளும். பிரேக் மட்டும் தாங்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வெங்காயம் ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

முள் சிவப்புக்குப் போனால்

பதற்றப்படாமல் கீழ்க்கண்டவாறு செய்யவும்.

1. சாலை ஓரமாக நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள்.

2. ஆயில் முள் சரியாக இருந்து, பெல்ட் சுற்றி, நீர் கொட்டாமலும் இருந்தால், சுமையின்றி மிதமான வேகத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ஓடும் நீர் சூட்டைச் சீராக இறக்கும்.

3. பெல்ட் அறுந்திருந்தாலோ, நீர் கொட்டியிருந்தாலோ, ஆயில் முள் விழுந்திருந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

4. ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் நீர், அழுத்த மூடியின் கீழ் சுமார் 110 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய் அத்தனையும் ஆவியாகச் சீறும். முகமும் கண்ணும் வெந்துபோகும். வண்டியில் உதவிக்கு வரும் சிறுவர்களைத் திறக்கச் சொல்வதை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு நடைச் சுமைக்காக ஒரு பிள்ளையின் கண்ணைப் பணயம் வைக்கலாமா?

5. குறைந்தது அரை மணி நேரம் ஆறிய பின், தடித்த ஈரச் சாக்கை மேலே போட்டு, முகத்தை விலக்கி, மூடியை முதல் தடுப்பு வரை மட்டும் திருப்புங்கள். ஆவி முழுதும் போன பிறகே திறக்கவும்.

6. வறண்ட சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடும். நன்கு ஆறிய பின், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

தினமும் ஐந்து நிமிடம்

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர் மட்டம், எண்ணெய் மட்டம் பாருங்கள். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தாலோ, ரேடியேட்டர் நீரில் ஓயாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட் சந்தேகத்திற்குரியது. வண்டியை எடுக்காதீர்கள். பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை தாழலாம். அதற்கு மேல் தளர்ந்தால் இறுக்குங்கள். எண்ணெய்த் தொட்டி உள்ள காற்று வடிகட்டியைப் புழுதிக் காலத்தில் தினமும் பாருங்கள். எஞ்சின் கிளம்பியதும் சில விநாடிகளில் ஆயில் முள் எழ வேண்டும். எழாவிட்டால் நிறுத்துங்கள்.

இதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டிராக்டரில் வையுங்கள். தேதி, மணி மீட்டர் எண், செய்த வேலை, வெப்ப முள் அதிகம் ஏறிய இடம், ஊற்றிய நீர், ஊற்றிய எண்ணெய் இவ்வளவும் எழுதினால் போதும். போன மாதம் டிரெய்லர் இழுக்கையில் பச்சையின் நடுவில் நின்ற முள், இந்த மாதம் அதே சுமைக்குப் பச்சையின் விளிம்புக்கு வந்தால், அது இன்னும் சிவப்புக்குப் போகவில்லை என்று மகிழ வேண்டாம். ஏதோ ஒன்று அடைபடத் தொடங்கிவிட்டது. வெளியே ஒழுகல் இல்லாமலே தினமும் ஒரு லிட்டர் நீர் குறைந்தால், அது எஞ்சினுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றை நினைவில் வைத்துக்கொள்வது கடினம். எழுத்தில் இருந்தால் ஏமாறமாட்டோம். வாடகைக்கு ஓட்டுபவர்களும் ஓட்டுநரிடம் வண்டியை ஒப்படைப்பவர்களும் இந்த நோட்டை அவசியம் வைக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய், மூடியைத் திறந்து நீரின் நிறத்தைப் பாருங்கள். பிறகு நான்கு மீட்டர்களும் அசையும்படி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சுமையோடு அரை மணி நேரம் ஓட்டி வெப்ப முள் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

பராமரிப்புப் பற்றி மேலும் ஐயம் இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும், வாலிகண்டபுரம், சோழமாதேவி ஆகிய இடங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களையும் அணுகலாம்.

பயிரின் இலை வெளுத்தால் உடனே கவனிக்கும் விவசாயி, முகப்பில் முள் நகர்ந்தாலும் அதே அக்கறையோடு கவனிக்க வேண்டும். அடுத்த மழையில் மண் பதம் வரும் நாளில் உங்கள் டிராக்டர் வயலில் நிற்க வேண்டுமானால், இன்றே முகப்புக் கண்ணாடியைத் துடைத்து, செத்த மீட்டரை மாற்றி, மழை நீருக்கு ஒரு கேனைக் கழுவி வையுங்கள். இவற்றைக் கடைப்பிடித்துப் பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.